திரும்பி வரும் வியாபார மடல்கள்: ஃபிஷிங் சந்தேகத்தில் சிக்கும் சிறு நிறுவனங்கள்

2018 செப்டம்பர் 24 அன்று மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் ஜோஹோ டாட் காம் என்ற டொமைன் சில மணி நேரம் இணையத்திலிருந்தே காணாமல் போனது. சர்வர் பழுதாகவில்லை, யாரும் உள்ளே புகுந்து கெடுக்கவும் இல்லை. அந்தப் பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த டியராநெட் என்ற அமெரிக்க நிறுவனம், ஜோஹோ மின்னஞ்சல் கணக்குகள் வழியாக ஃபிஷிங் எனப்படும் போலி மடல் மோசடி நடப்பதாகப் புகார் வந்திருக்கிறது என்று சொல்லி டொமைனையே முடக்கிவிட்டது. வந்த புகார்கள் மூன்று. இரண்டின் மீது உடனே நடவடிக்கை எடுத்தாயிற்று, மூன்றாவது விசாரணையில் இருந்தது என்று ஜோஹோ விளக்கம் கொடுத்தது. ஜோஹோவை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் டொமைன் மீண்டது. ஜோஹோவும் அதை கிளவுட்ஃப்ளேருக்கு மாற்றிக்கொண்டது. ஜோஹோவின் மின்னஞ்சலுக்கு மாறிவிட்டதாக 2025 அக்டோபர் 8 அன்று மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா அறிவித்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால், ஃபிஷிங் சந்தேகம் எவ்வளவு பெரிய ஆளையும் தொடும் என்பது விளங்கும்.

ஜோஹோ கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தது. மதுரையை அடுத்த கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்துபவர், "என் விலைப்பட்டியலை ஜிமெயில் வாங்க மாட்டேன் என்கிறது" என்று யாரிடம் போய்ச் சொல்வார்? திருமங்கலம், கப்பலூர், தெற்கே விருதுநகர், சிவகாசி வரை நீளும் இந்தச் சாலையில் மின்னஞ்சலை நம்பி வியாபாரம் செய்பவர்கள் வெளியில் நினைப்பதைவிட அதிகம். காலண்டர், டைரி அச்சிடுபவர்கள் ஆடி முடிந்ததும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் மாதிரிகளை அனுப்பத் தொடங்குகிறார்கள். சுங்குடிச் சேலைக்காரர்களுக்கு மலேசியாவில் வாடிக்கையாளர்கள் உண்டு. இயந்திர உதிரிபாகம் செய்பவர்கள், பயிற்சி நிலையங்கள், மனை விற்பவர்கள் என்று பட்டியல் நீளும். இவர்கள் அனுப்பும் மடலில் ஒரு பகுதி "சந்தேகத்துக்குரிய ஃபிஷிங்" என்ற முத்திரையோடு வாசலிலேயே திருப்பப்படுகிறது. அனுப்பியவர் செய்வதெல்லாம் அதே மடலை வார்த்தை மாற்றி இன்னொரு முறை அனுப்புவதுதான். பெரும்பாலும் கோளாறு வார்த்தையில் இருப்பதில்லை.

கோளாறின் வேர் பழையது. மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறையை 1982இல் ஜான் போஸ்டல் எழுதியபோது, அனுப்புநர் முகவரியில் யார் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்ற நிலைதான் இருந்தது. வலையமைப்பில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். அப்போது அது குறையாகப் படவில்லை. 1978லேயே ஆர்ப்பாநெட்டில் சுமார் நானூறு பேருக்கு கேரி துர்க் என்ற கணினி விற்பனையாளர் விளம்பர மடல் அனுப்பித் திட்டு வாங்கியிருந்தார் என்பது வேறு கதை. திட்டியவர்களுக்கும் அனுப்பியவர் யார் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. இன்றைய சிக்கல் அந்த இடத்தில்தான்: மடல் வந்துவிட்டது, ஆனால் அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்பது தெரியவில்லை.

இதைச் சரிசெய்ய மூன்று ஒட்டுகள் போட்டார்கள். எஸ்பிஎஃப் என்பது, இன்னின்ன சர்வர்கள் என் பெயரில் அனுப்பலாம் என்று டொமைன்காரர் டிஎன்எஸ் என்ற டொமைன் பதிவேட்டில் போட்டுவைக்கும் பட்டியல். டிகேஐஎம், யாஹூவும் சிஸ்கோவும் தனித்தனியே செய்ததை இணைத்து 2007இல் தரமாக வந்தது. ஒவ்வொரு மடலிலும் டொமைனின் மறைகுறிக் கையொப்பத்தை இடுகிறது. மூன்றாவதான டிமார்க் 2012இல் அறிவிக்கப்பட்டு 2015இல் ஆவணமாக வெளிவந்தது. முதல் இரண்டில் ஒன்றாவது, வாசகர் கண்ணில் படும் அனுப்புநர் பெயரோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதும், பொருந்தாவிட்டால் என்ன செய்யலாம் என்று டொமைன்காரரே சொல்லிவைப்பதும் அதன் வேலை. கப்பலூர் சுங்கச்சாவடியில் "நான் உள்ளூர்க்காரன்" என்று வாயால் சொல்லி வண்டியைக் கடத்திவிட முடியாமல் திருமங்கலம் மக்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். மின்னஞ்சல் வாசலிலும் அதே கதைதான். உள்ளூர் என்பது உண்மையாகவே இருக்கலாம். கையில் இருக்கும் சீட்டில் வண்டி எண் பொருந்த வேண்டும்.

பொருத்தம் என்ற இந்த ஒரு விஷயத்தில்தான் பெரும்பாலான நிறுவனங்கள் விழுகின்றன. ஒரு விளம்பர மடலுக்கு அனுப்புநர் முகவரி இரண்டு உண்டு. ஒன்று வாசகர் பார்ப்பது. மற்றொன்று உறையின் மேல் இருப்பது. மடல் திரும்பினால் போய்ச் சேர வேண்டிய இடம். மெயில்சிம்ப், பிரெவோ, ஜோஹோ கேம்பெயின்ஸ் போன்ற சேவைகளில் எந்த அமைப்பும் செய்யாமல் அனுப்பினால், உறை முகவரி பெரும்பாலும் அந்தச் சேவையின் டொமைனாக இருக்கும். எஸ்பிஎஃப் அந்த உறையைத்தான் சோதிக்கிறது. எனவே சோதனையில் "பாஸ்" என்று வரும்; ஆனால் பாஸானது சேவையின் பெயர், உங்கள் பெயர் இல்லை. "எஸ்பிஎஃப் பாஸ் ஆகியிருக்கிறதே, பிறகு ஏன் மறுக்கிறார்கள்?" என்ற குழப்பம் முளைப்பது இங்கே. அந்தச் சேவைக்குள் போய் உங்கள் டொமைனின் பெயரிலேயே டிகேஐஎம் கையொப்பம் இடும்படி அமைக்க வேண்டும். அவர்கள் கொடுக்கும் இரண்டு மூன்று வரிகளை டிஎன்எஸ்ஸில் சேர்ப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

ஒரு சிறு நிறுவனத்தின் டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அதன் வரலாறே தெரியும். இணையதளம் செய்துகொடுத்த பையன் ஹோஸ்டிங் கம்பெனிக்காக ஒரு எஸ்பிஎஃப் வரி போட்டிருப்பான். பிறகு அலுவலக மடல் கூகுளுக்கோ ஜோஹோவுக்கோ மாறியிருக்கும். அதற்கு இன்னொருவர் இன்னொரு எஸ்பிஎஃப் வரி சேர்த்திருப்பார். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறுபவர் இரண்டையும் சேர்த்துப் படிப்பதில்லை. நிரந்தரப் பிழை என்று கணக்கெழுதிவிட்டு இரண்டையும் ஒதுக்கிவிடுகிறார். இரண்டையும் ஒரே வரியாக்குவதிலும் எல்லை உண்டு. அந்த வரியைப் படிக்க பத்து டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் தேவைப்பட்டால் மறுபடியும் பிழை. பில் அனுப்பும் மென்பொருள், தளத்தின் விசாரணைப் படிவம், பண்டிகைக்காலத்துக்கு மட்டும் எடுத்த அனுப்பும் சேவை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் பத்தைத் தாண்டுவது சுலபம். யாரும் பயன்படுத்தாத பழைய சேவையை நீக்க ஒருவருக்கும் தைரியம் வருவதில்லை.

2024 பிப்ரவரிக்கு முன்பு இந்தக் கோளாறுகளெல்லாம் இருந்தும் மடல்கள் எப்படியோ போய்க்கொண்டிருந்தன. அந்த மாதம் முதல் ஜிமெயிலும் யாஹூவும் விதிகளைக் கட்டாயமாக்கின. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புபவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் வேண்டும். விளம்பர மடலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். விலகக் கேட்டவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு இதே ஐயாயிரம் கணக்கை 2025 மே 5 முதல் கொண்டுவந்தது. "நாங்கள் ஐயாயிரம் அனுப்புவதில்லையே" என்று பலர் ஆறுதல் அடைகிறார்கள். இரண்டு விஷயங்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. சிறிய அளவில் அனுப்புபவர்களுக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்று ஜிமெயிலில் கட்டாயம். அதோடு, டொமைனின் எல்லாக் கிளைகளிலிருந்தும் போகும் மடல்களைக் கூட்டித்தான் கூகுள் எண்ணுகிறது. ஒரு முறை ஐயாயிரத்தைத் தொட்டவர் அதன் பிறகு என்றைக்கும் மொத்த அனுப்புநர்தான். தீபாவளிக்கு ஒரே ஒரு நாள் வாழ்த்தும் தள்ளுபடியும் அனுப்பிய கடைக்கும் அது பொருந்தும்.

ஜிமெயில் அல்லது யாஹூ முகவரியையே நிறுவனத்தின் முகவரியாக வைத்துக்கொண்டு வெளிச் சேவை வழியாக மொத்தமாக அனுப்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கதவு மூடிப் பல காலம் ஆகிறது. 2014 ஏப்ரலில் யாஹூ, தன் பெயரில் வெளியிலிருந்து வரும் மடல்களை மறுத்துவிடுங்கள் என்று டிமார்க் வழியாக உலகத்துக்கே சொல்லிவிட்டது. அன்று உலகெங்கும் எத்தனையோ சிறு வணிகர்களின் விளம்பர மடல்கள் ஒரே வாரத்தில் நின்றுபோயின. ஜிமெயில் முகவரியை அப்படிப் பயன்படுத்த வேண்டாம் என்று கூகுளும் எச்சரித்துவிட்டது. சொந்த டொமைன் இல்லாமல் மொத்த மடல் அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் சரியாக இருந்தும் ஃபிஷிங் என்று மறுக்கப்படும் மடல்கள் இருக்கின்றன. இவைதான் ஆளைத் திணறடிப்பவை. இங்கே குற்றவாளி பெரும்பாலும் லிங்க். மடலில் "அமேசானிலும் கிடைக்கும்" என்று எழுதி அந்த முகவரியை முழுதாகக் காட்டியிருப்பார்கள். அனுப்பும் சேவையோ, யார் சொடுக்கினார்கள் என்று எண்ணுவதற்காக அந்த லிங்க்கைத் தன் கண்காணிப்பு முகவரியாக மாற்றியிருக்கும். கண்ணுக்குத் தெரிவது ஒரு முகவரி, உள்ளே இருப்பது வேறு. வங்கியின் பெயரில் ஏமாற்றுபவன் செய்வதும் அட்சரம் பிசகாமல் இதுதான். பல ஹோஸ்டிங் சர்வர்களில் ஓடும் கிளாம்ஏவி என்ற இலவச வைரஸ் எதிர்ப்பு மென்பொருள், வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் அடங்கிய ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு இந்தப் பொருத்தமின்மையைத் தேடுகிறது. கிடைத்தால் "ஸ்பூஃப்டு டொமைன்" என்று பெயரிட்டு ஃபிஷிங் கணக்கில் சேர்க்கிறது. லிங்க்கின் மேல் முகவரியை எழுதாமல் "இங்கே வாங்கலாம்" என்று எழுதினால் அந்தச் சோதனைக்குப் பிடிமானம் இல்லாமல் போய்விடும். கண்காணிப்பு முகவரியையும் உங்கள் டொமைனின் கிளைப் பெயராக அமைத்துக்கொள்ள பல சேவைகள் இடம் தருகின்றன. அப்படிச் செய்யாவிட்டால் பொது முகவரியைப் பல ஆயிரம் பேரோடு பகிர்ந்துகொள்கிறீர்கள். அவர்களில் ஒருவன் மோசடிக்காரனாக இருந்தால் அவன் பெற்ற கெட்ட பெயரில் உங்களுக்கும் பங்கு உண்டு. பிட்லி போன்ற லிங்க் சுருக்கிகளுக்கும் இதே நியாயம்.

இதைவிட மோசமானது, உங்கள் சொந்தத் தளத்திலேயே திருடன் குடியிருப்பது. புதுப்பிக்கப்படாத வேர்ட்பிரஸ் தளங்களில் யாரோ புகுந்து, ஒரு மூலையில் வெளிநாட்டு வங்கியின் நுழைவுப் பக்கத்தைப் போல ஒன்றை வைத்துவிட்டுப் போவது சர்வசாதாரணம். முகப்புப் பக்கம் வழக்கம்போலத் திறக்கும். முதலாளிக்கு எதுவும் தெரியாது. கூகுளின் சேஃப் பிரவுசிங் பட்டியலிலும் ஸ்பேம்ஹாஸின் டொமைன் பட்டியலிலும் அந்தப் பெயர் ஏறிவிடும். அதன் பின் அந்த டொமைன் எழுதப்பட்ட மடல் பல இடங்களுக்குப் போகாது. வாடிக்கையாளர் பதில் மடலில் அந்த முகவரியைக் குறிப்பிட்டால் அதுகூடத் திரும்பலாம். ஆகவே காரணம் புரியாத மறுப்பு வந்தால் முதலில் டொமைனை கூகுள் சர்ச் கன்சோலிலும் வைரஸ்டோட்டலிலும் ஸ்பேம்ஹாஸ் பக்கத்திலும் போட்டுப் பார்க்க வேண்டும். ஊடுருவல் உறுதியானால் தளத்தைச் சுத்தம் செய்த பிறகே நீக்கக் கோர வேண்டும். அழுக்கை வைத்துக்கொண்டு கேட்டால் அடுத்த கோரிக்கையின் மதிப்பும் குறையும். இந்தியாவில் இப்படிப்பட்ட சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவு. திருமங்கலத்தில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று நான் யாரையும் கேட்டுப் பார்க்கவில்லை. பதில் எனக்குத் தெரியும்.

உள்ளடக்கத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு. வாட்ஸ்ஆப்புக்குச் செய்த வண்ணப் போஸ்டரை அப்படியே மடலில் ஒட்டி, அதன் மேல் ஒரு லிங்க்கை வைத்து அனுப்பிவிடுவது. எழுத்தே இல்லாத, ஒற்றைப் படமும் ஒற்றை லிங்க்கும் கொண்ட மடல் வடிகட்டிகளுக்கு ஆகாது. எழுத்தைப் படத்துக்குள் ஒளித்துவைப்பது ஏமாற்றுக்காரர்களின் பழைய உத்தி. தமிழில் நான்கு வரி யூனிகோடில் தட்டச்சு செய்தால் மடலுக்கு முகம் வந்துவிடும். அனுப்புநர் நிறுவன முகவரியாகவும் பதில் போக வேண்டிய இடம் ஜிமெயிலாகவும் இருப்பது இன்னொரு பழக்கம். மேலதிகாரி பெயரில் பணம் கேட்கும் மோசடி மடல்களின் அமைப்பும் அதுவே. எச்டிஎம்எல் கோப்பை இணைப்பாக அனுப்புவதை அடியோடு விட்டுவிடலாம். டாட் இந்தியா என்று தமிழிலேயே டொமைன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பல கருவிகளில் அது எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாகத் தெரியும், பார்ப்பவருக்குப் பயமாக இருக்கும். தமிழ்ப் பற்றுக்கு இப்படியும் ஒரு சோதனை.

சிவகாசிப் பட்டாசு இதில் தனி அத்தியாயம். பட்டாசை இணையத்தில் விற்க 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஆனாலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பாதி விலைப் பட்டாசு என்று போலித் தளங்கள் முளைப்பதும், பணம் கட்டியவர்கள் ஏமாறுவதும், சைபர் குற்றப் பிரிவு எச்சரிப்பதும் வழக்கமாகிவிட்டது. அதே வாரங்களில் "சிவகாசியிலிருந்து நேரடியாக, 80 சதவீதத் தள்ளுபடி, இன்றே கடைசி நாள்" என்று எழுதும் அசல் கடைக்காரரின் மடலுக்கும் போலி மடலுக்கும் இயந்திரம் என்ன வித்தியாசம் காணும்? அச்சிட்ட விலையை ஏற்றிவைத்து எண்பது சதவீதம் தள்ளுபடி கொடுக்கும் வழக்கத்தை இத்தனை காலம் நாமே வளர்த்தோம். அதைக் கண்டு சந்தேகப்படும் வடிகட்டியை நான் குறை சொல்ல மாட்டேன்.

பெறுபவர் பட்டியலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. விலைக்கு வாங்கிய பட்டியல் விஷம். கூகுள் சொல்லும் எல்லை, ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1க்குக் கீழே இருப்பது நல்லது. ஆயிரம் பேருக்கு அனுப்பி மூன்று பேர் புகார் பொத்தானை அமுக்கினாலே எல்லைக்கோடு வந்துவிடுகிறது. வாங்கிய பட்டியலில் செத்த முகவரிகளும் ஸ்பேம் அனுப்புபவரைப் பிடிக்க வைத்த பொறி முகவரிகளும் கலந்திருக்கும்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. தூத்துக்குடியில் ஐசிஐசிஐ வங்கிக் கிளையில் கணக்கு வைத்திருந்து அபுதாபியில் வேலை பார்த்தவர், 2007இல் வங்கி அனுப்பியது போல வந்த மடலை நம்பிக் கடவுச்சொல்லைக் கொடுத்தார். ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் போயிற்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தீர்ப்பளிக்கும் அதிகாரியாக இருந்த தமிழகத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர், 12.85 லட்சம் ரூபாய் கொடுக்குமாறு 2010 ஏப்ரலில் வங்கிக்கு உத்தரவிட்டார். ஏமாந்தவர் பக்கம் எடுத்துவைத்த வாதங்களில் ஒன்று, வங்கி தன் மடல்களில் டிஜிட்டல் கையொப்பம் இடுவதில்லை, அப்படியிருக்க அசல் எது போலி எது என்று வாடிக்கையாளர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்பது. இன்று டிகேஐஎம் கேட்கும் கேள்வியும் அதுதான். 2025இல் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் அக்டோபர் 31க்குள் டாட் பேங்க் டாட் இன் என்ற தனிப் பெயருக்கு மாறச் சொன்னதும் இதே காரணத்தால்தான்.

சட்டம் இதற்கு மேல் அதிகம் உதவாது. அனுப்புநர் யார் என்பதில் ஏமாற்றும் மடலைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, வேறு நியாயமான காரணங்களுக்காக 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தால் ரத்தானது. ஆள்மாறாட்ட மோசடிக்கான 66டி இருக்கிறது. அது திருடனைப் பிடிக்க. வேண்டாத விளம்பர மடலுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் கிடையாது. அதனால் நடைமுறையில் நீதிபதி கூகுளும் மைக்ரோசாஃப்டும் யாஹூவும்தான். இந்த நீதிமன்றத்தில் எனக்குள்ள குறை, தீர்ப்பைப் பற்றியது இல்லை. தீர்ப்புகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,500 கோடி வேண்டாத மடல்களைத் தடுப்பதாக கூகுள் சொல்கிறது, அந்த வெள்ளத்தில் தவறு குறைவே. குறை, மேல்முறையீட்டுக்கு ஒரு மனித முகம் இல்லை என்பதுதான். கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் என்ற பலகையில் உங்கள் புகார் விகிதத்தைப் பார்க்கலாம். படிவம் ஒன்றை நிரப்பலாம். பதில் வராமலும் போகலாம். மூன்று நிறுவனங்களின் கையில் ஒரு நாட்டின் வியாபாரத் தபால் இருப்பது நல்லதல்ல என்பதை ஒழுங்காக அனுப்புபவர்களே உரக்கச் சொல்ல வேண்டும்.

அதுவரை திரும்பி வந்த மடலை அழிக்காமல் படிக்கப் பழகலாம். 550 என்று தொடங்கினால் நிரந்தர மறுப்பு. 421 என்றால் இப்போதைக்கு வேண்டாம், பிறகு வா என்று பொருள். ஜிமெயிலில் 5.7.26 என்று பார்த்தால் அடையாளச் சோதனை தோற்றிருக்கிறது, அவுட்லுக்கில் 5.7.515உம் அதே இனம். இந்த இரண்டில் ஒன்று வந்தால் மடலின் ஒரு எழுத்தையும் மாற்றாமல் டிஎன்எஸ்ஸுக்குப் போங்கள். அடையாளம் எல்லாம் தேறியும் மறுப்பு வந்தால், அதே மடலை லிங்க் இல்லாமலும், பிறகு ஒவ்வொரு லிங்க்காகச் சேர்த்தும் உங்கள் சோதனை முகவரிகளுக்கு அனுப்பிப் பாருங்கள். எந்த லிங்க் சேர்ந்தபோது திரும்பியதோ அதுவே ஆள். டிமார்க் கொள்கையை முதலில் "நன்" என்று வைத்து, வரும் அறிக்கைகளில் உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று சில வாரம் கவனித்த பிறகே "குவாரண்டைன்", "ரிஜெக்ட்" என்று இறுக்குங்கள். எடுத்த எடுப்பில் "ரிஜெக்ட்" போட்டுத் தங்கள் பில்களையே மறுக்க வைத்த புத்திசாலிகள் உண்டு.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மடல் போகவில்லை என்றதும் புது டொமைன் வாங்கி மறுநாளே பத்தாயிரம் பேருக்கு அனுப்பலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் மதுரை முழுக்க இருக்கிறார்கள். பிறந்து ஒரு வாரம் ஆகாத டொமைன், நிறைய மடல், பழைய நிறுவனத்தின் பெயர்: ஃபிஷிங் செய்பவன் விட்டுச்செல்லும் தடயமும் இதே மூன்றுதான். பழைய பெயரைச் சுத்தம் செய்து, நன்றாகத் தெரிந்த வாடிக்கையாளர்களுக்குச் சிறுகச் சிறுக அனுப்பி மதிப்பை மீட்பது வாரக்கணக்கில் ஆகும். வேறு வழி கிடையாது.

இதையெல்லாம் செய்ய டிஎன்எஸ் கணக்கின் கடவுச்சொல் கையில் இருக்க வேண்டும். நம் பகுதியில் எத்தனையோ டொமைன்கள் தளம் செய்துகொடுத்தவரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்கின்றன. அவர் இப்போது பெங்களூரில் வேறு வேலையில் இருப்பார். முதலாளிகளே, உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இந்த வாரமே கேட்டு, எழுதி வாங்கி, உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.